அதிர்ச்சியா, திணையா? - புலம்பெயர் கவிதை ஆய்வுமுறைக்கு ஒரு மறுப்பு

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் கவிதைகளைப் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் பலவற்றில் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்பது தவறாது இடம்பெறும் இயலாகிவிட்டது. குளிர், தனிமை, நிறவெறி, தாயக ஏக்கம் என்னும் உட்தலைப்புகளின்கீழ்க் கவிதை அடிகள் பகுத்து அடுக்கப்படுகின்றன. இறுதியில், கவிஞர் புதிய சூழலுக்குப் பொருந்திவிட்டார் என்றோ பொருந்தவில்லை என்றோ முடிவு கூறப்படுகிறது. கவிதையை நோய்க்குறிப்பேடாக்கும் இம்முறை மறுக்கத்தக்கது.

முதற்கண், கருவியே பொருந்தாதது. பண்பாட்டு அதிர்ச்சி என்னும் கருத்தைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1960-இல் வெளிவந்த அவரது கட்டுரை, அயல்நாடுகளில் பணியாற்றச் சென்ற அமெரிக்கரை மனத்திற்கொண்டது. தொடக்க மகிழ்ச்சி, நெருக்கடி, மீட்சி, இணக்கம் எனப் படிகளை வகுப்பது. பணி முடிந்ததும் ஊர் திரும்பக்கூடியவருக்கான ஏணி அது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் உயிர்காக்க வெளியேறியவருக்கு அவ்வேணியின் முதற்படியே இல்லை. அவரது அதிர்ச்சி அயல்மண்ணில் தொடங்கியதன்று. சொந்த மண்ணிலேயே நிகழ்ந்து முடிந்தது. 1985-இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுப்பின் தலைப்பே இதற்குச் சான்று.

இரண்டாவதாக, மொழியில் நிகழும் மாற்றத்தை இம்முறை காண்பதில்லை. தமிழ் மரபில் பனி என்பது முன்பனி, பின்பனி என இரு பெரும்பொழுதுகளைச் சுட்டும் சொல். புல்நுனியில் தங்கி வெயிலேறக் கரைவது. கனடாவிலும் நார்வேயிலும் அதே சொல், வாசலை அடைத்துக் கிடப்பதை, வாரி ஒதுக்க வேண்டியதைக் குறிக்கிறது. கனடாவில் வாழ்ந்து 2015-இல் மறைந்த கவிஞர் திருமாவளவன் தம் தொகுப்பொன்றுக்குப் 'பனிவயல் உழவு' எனப் பெயரிட்டார். வயலும் உழவும் மருதத்துக்குரியன. அவற்றின்மேல் பனி வந்து படிகிறது. இத்தலைப்பை ஏக்கம் என்னும் கட்டத்தில் இடுவதா, இணக்கம் என்னும் கட்டத்தில் இடுவதா? இரண்டிலும் அது அடங்காது. வேனிலும் இவ்வாறே. பாலையின் கொடும்பொழுதாக மரபு கண்ட வேனில், குளிர்நாட்டில் கதவு திறந்து மனிதர் கூடும் பருவமாகிறது. சொல் பழையது, அது சுட்டும் வாழ்வு புதியது.

பனிநிலத்தை 'ஆறாம் திணை' என அழைப்போர் இம்மாற்றத்தை உணர்ந்தவரே. ஆயினும், பெயரிடுவதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. திணை என்பது நிலம் மட்டுமன்று. முதல், கரு, உரி மூன்றும் இயைந்தது. சுரங்க ரயிலும் உணவகச் சமையலறையும் அகதி விசாரணையும் கருப்பொருளாக எவ்வாறு இயங்குகின்றன? அவற்றுக்கேற்ற உரிப்பொருள் பிரிதலா, இருத்தலா, இரண்டிற்கும் இடைப்பட்ட பிறிதொன்றா? இவ்வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். பின்பனியும் பாலைக்கு உரித்து என்பது தொல்காப்பியர் கருத்து; எனவே பனிப்பொழுதின் பிரிவு மரபுக்கு முற்றிலும் அயலானதன்று. அதே நூல் நிலங்கள் தம்முள் மயங்குவதில்லை என்றும் வரையறுக்கிறது. அவ்வரையறையையே இக்கவிதைகள் கடக்கின்றன. ஒரு கவிதைக்குள் இரு நிலங்கள் ஒருங்கே நிற்கின்றன. ஆராயப்பட வேண்டிய சிக்கல் இதுவே.

கவிஞர்கள் தாமே குளிரையும் அவமதிப்பையும் எழுதியுள்ளனரே எனச் சிலர் வினவலாம். எழுதியுள்ளனர்; அவ்வாழ்வின் துயரம் மறுக்கத்தக்கதும் அன்று. ஆனால் அச்செய்தி மட்டுமே வேண்டுமெனில் நேர்காணல் போதும், கவிதை வேண்டியதில்லை. மேலும், நாற்பதாண்டுகள் ஓரிடத்தில் வேரூன்றி எழுதிவருவோரை இன்னும் அதிர்ந்து நிற்பவராகவே காண்பது, அவர்களை என்றென்றும் விருந்தாளிகளாகவே வைத்திருப்பதற்கு ஒப்பாகும். அயல்நாடுகள் இழைத்த பிழையைத் தமிழாய்வும் இழைக்க வேண்டுமா?

பாடத்திட்டத்தில் புலம்பெயர் கவிதைக்கு ஓர் அலகு ஒதுக்குவதால் மட்டும் கடமை தீராது. அக்கவிதைகளில் பனி, வேனில், ஊர், வீடு முதலிய சொற்கள் பொருள் மாறிய இடங்களைத் தொகுத்து, ஆண்டு முறைப்படி வகுத்து ஆராயும் பணி தொடங்கப்பட வேண்டும். அதன் பின்னரே ஆறாம் திணை உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு விடை கூறும் தகுதி ஆய்வுலகுக்கு வாய்க்கும்.