கண்ணாடி யாருடையது?

எங்கள் எழுத்தைத் திறக்கப் பாரிசிலிருந்து சாவி வரவேண்டும் என்று பல்கலைக்கழகங்களில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. அந்தச் சாவிகளில் ஒன்று பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான். தலித் தன்வரலாறு ஒன்றை எடு, அதில் 'மற்றமை' எங்கே, 'இன்மை' எங்கே, 'தந்தையின் பெயர்' எங்கே என்று தேடு, முடிவுரை எழுது, பட்டம் வாங்கு. சேரிக்கு இதனால் என்ன வந்துச்சு என்று கேட்டால், அது ஆய்வுக்குப் புறம்பான கேள்வியாம்.

கோட்பாடே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. 1990இல் தொடங்கிய 'நிறப்பிரிகை' பின்நவீனத்துவத்தையும் தலித் அரசியலையும் ஒருசேரப் பேசியது. ராஜ் கௌதமன் மேலைச் சிந்தனைகளைக் கற்றுக்கொண்டுதான் தமிழ்ப் பண்பாட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். இவர்கள் கோட்பாட்டை ஆதிக்கத்தின் மீது திருப்பினார்கள். இன்றைய ஆய்வேடுகள் பலவும் அதை எங்கள் மீதே திருப்புகின்றன. சண்டை அங்கேதான்.

லக்கான் 1936இல் முன்வைத்து 1949இல் விரித்து எழுதிய 'கண்ணாடிப் பருவம்' என்ன சொல்கிறது? ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்கு நிற்கவே தடுமாற்றம். உடம்பு சொன்னபடி கேட்காது. கண்ணாடிக்குள்ளே மட்டும் முழுசா ஒரு பிள்ளை தெரியுது. அதைக் கண்டு குதூகலித்து, அதுதான் 'நான்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, 'நான்' என்பதே வெளியிலிருந்து வாங்கிய பிம்பம். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தக் கண்ணாடி யாருடைய கடையில் தொங்குது என்ற கேள்வி அதில் இல்லை.

எங்க பெரியப்பா முடிவெட்ட சிலமலையிலிருந்து போடிக்குப் போவாரு. ஊர்ல கடை இல்லாமலா? கடை இருந்துச்சு, நாற்காலி இருந்துச்சு, சுவரு முழுக்கக் கண்ணாடியும் இருந்துச்சு. அவருக்கு மட்டும் இல்லை. இந்த மனுஷனின் 'தன்னிலை'யை எந்தக் கண்ணாடியில் பார்ப்பீர்கள்? அவருக்குள் 'இன்மை' இருந்தது என்று எழுதுவீர்கள். இல்லாமல் போனது அவருக்குள்ளே ஒன்றுமில்லை, அய்யா. மறுக்கப்பட்டது வெளியே இருந்த ஒரு நாற்காலி.

'தந்தையின் பெயர்' கதையும் இப்படித்தான். தந்தைதான் குழந்தைக்குச் சட்டத்தின் வாசல், அவர் பெயரால்தான் 'கூடாது' என்ற சொல் வருகிறது என்கிறார் லக்கான். எங்க அய்யாவை அவரு பேரன் வயசுப் பொடியன் 'டேய்' என்று கூப்பிடுவான். அய்யா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கிட்டு 'சொல்லுங்க சாமி' என்பாரு. கூட நிற்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? 'கூடாது' என்பது எங்களுக்குத் தந்தையிடமிருந்து வரவில்லை. தந்தையின் தலைக்கு மேலாக ஊர்த் தெருவிலிருந்து வந்தது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். சிறுமி சிரிக்கிறாள். கை பட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்கிச் சொல்கிறார். ஒரு கருத்தரங்கில் இந்தக் காட்சியைக் 'குறியீட்டு ஒழுங்குக்குள் குழந்தை விழும் கணம்' என்று ஒருவர் வாசித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த நூல் எவ்வளவு நீளம், மறுமுனையில் இருந்து தின்றவன் யார், அவன் நிலத்தில் உழைத்தவர் யார் என்பதெல்லாம் கட்டுரையில் இல்லை. விஷயம் தெரிந்ததும் அந்தச் சிறுமிக்கு ஆத்திரம் பொங்கி, ஓடிப்போய் அந்த வடைகளைத் தொட்டுவிட வேண்டும் போலத் தோன்றுகிறதே, அதுவும் இல்லை. அவள் விழவில்லை, எழுந்தாள். அதைப் பார்க்கத் தெரியாத கோட்பாடு எங்களுக்கு எதற்கு?

பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மார்டினிக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான். 1952இல் எழுதிய 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில், ஒரு நீண்ட அடிக்குறிப்பில் லக்கானின் கண்ணாடியைக் கையில் எடுத்து வெள்ளைக்காரன் பக்கம் திருப்பினார். வெள்ளையனுக்கு மற்றமையாக நிற்பது கறுப்பு உடல்தான் என்றார். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். சொந்த மண்ணிலேயே மனிதனை அந்நியனாக்கும் ஆட்சிக்குள் மனநோய்க்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று 1956இல் வேலையை உதறினார். எங்கள் ஆய்வாளர்களோ ஃபனானை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பார்கள், வேலையை மட்டும் விடமாட்டார்கள்.

நாமும் திருப்புவோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் தேதி இடிக்கப்பட்டது. இடிந்ததோ சில அடி. அதைத் தாங்கமாட்டாமல் சாதி இந்துக் குடும்பங்கள் பலவும் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீடு வாசலை விட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கின. உளக்காயம் யாருக்கு? ஒரு சந்து திறந்தால் தன் 'நான்' நொறுங்கிப் போகும் என்று அஞ்சுகிறவனுக்கு எந்தப் பருவத்தில் கோளாறு? பக்கத்து நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முகமே தெரியாமல் போய்விடும் என்று பதறுகிறானே, அந்த நனவிலியை எந்த ஆய்வேடு தோண்டியிருக்கிறது?

நோயாளிக் கட்டிலில் எங்களையே கிடத்திப் பழகிவிட்டீர்கள். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், முதலாளியின் ஆசையையும் பயத்தையும் வழியெல்லாம் பிட்டுப் பிட்டு வைப்பார்கள். அதுவும் உளப்பகுப்பாய்வுதான். பட்டம் கிடையாது, அவ்வளவே.

மாணவத் தோழர்களே, லக்கானைப் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். படித்துவிட்டு ஊர்த் தெருவுக்குப் போங்கள். கட்டில் அங்கே போடப்பட வேண்டும்.