கொள்ளையன் என்று எழுதியவர் யார்?

ஒரு படைப்பு நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறுவதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. அப்படைப்பு எவரைத் தலைவன் என்கிறது, எவரைக் கொள்ளையன் என்கிறது, அப்பெயரைச் சூட்டும் உரிமையை அது எங்கிருந்து பெற்றது என்று கேட்பதும் திறனாய்வின் கடமையாகும். அதை மறந்த திறனாய்வு, சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குவதற்கு ஒப்பானது. கடற்கொள்ளையரைப் பற்றிய கணினி விளையாட்டுகளுக்குக் கிடைத்த மதிப்புரைகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

2003ஆம் ஆண்டில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்து உலகெங்கும் ஓடியது. அதே ஆண்டில் அதே பெயருடன் ஒரு கணினி விளையாட்டும் விற்பனைக்கு வந்தது. உருசிய நாட்டின் அக்கெல்லா நிறுவனம் அதனை ஆக்கியது. அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் வெளியிட்டது. உண்மையில் அது திரைப்படத்துக்காகப் பிறந்த விளையாட்டன்று. 'சீ டாக்ஸ்' என்ற முந்தைய விளையாட்டின் இரண்டாம் பாகமாக உருவாகிக்கொண்டிருந்த அதன்மீது படத்தின் பெயர் பின்னர் ஒட்டப்பட்டது. படத்தில் நடித்த கீரா நைட்லியின் குரல் கதையை எடுத்துரைத்தது. ஆனால், அனைவரும் தேடிய ஜாக் ஸ்பேரோ அதில் இல்லை.

மதிப்புரையாளர் கருத்து இரண்டுபட்டது. கடலின் தோற்றத்தையும் கப்பற்போரையும் பாராட்டினர். நிரலில் மலிந்திருந்த பிழைகளையும் படத்தோடு உள்ள தொடர்பின் மெலிவையும் கண்டித்தனர். 2007இல் மூன்றாம் படத்தையொட்டி யூரோகாம் என்னும் பிரித்தானிய நிறுவனம் ஆக்கிய விளையாட்டுக்கும் கலவையான வரவேற்பே கிடைத்தது. உருவங்கள் நன்று என்றனர். வாட்போர் ஒரே வகையாய் அலுப்பூட்டுகிறது என்றனர். புள்ளிகள் வழங்கப்பட்டன, அத்துடன் வழக்கு முடிந்தது.

அம்மதிப்புரைகள் பொய் என்று எவரும் கூற இயலாது. பிழை பிழைதான், அலுப்பு அலுப்புதான். ஆயினும் அந்த மூன்றாம் படம் ஆசியாவை எப்படிக் காட்டியது? கதையின் தொடக்கத்தில் வரும் சிங்கப்பூர் ஆவியும் இருளும் அழுக்கும் நிறைந்த கள்வர் குகையாக இருந்தது. சீனக் கொள்ளையர் தலைவனாகச் சௌ யுன் ஃபாட் நடித்தார். சீனாவில் திரையிட்டபோது அவர் தோன்றும் காட்சிகளில் ஏறத்தாழப் பாதி நீக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கத்தரிக்கோல் திறனாய்வாகாது, எனினும் அங்கே ஒரு புண் இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்தது. இந்தியப் பெருங்கடலின் கொள்ளையர் தலைவனாகச் சம்பாஜி என்றொரு பாத்திரமும் அப்படத்தில் உண்டு. தலைப்பாகையும் கீச்சுக்குரலுமாக அவனைச் சிரிப்புக்குரியவனாக ஆக்கியிருந்தனர். சம்பாஜி என்பது மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் மகன் பெயர். 1729இல் மறைந்த கனோஜியைக் கிழக்கிந்தியக் கும்பினியார் கொள்ளையன் என்றே எழுதினர். இன்றோ மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று ஐ.என்.எஸ். ஆங்கரே என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருவன் கொள்ளையனா காவலனா என்பது, ஏட்டை எழுதியவன் எக்கரையில் நின்றான் என்பதைப் பொறுத்தது அன்றோ?

இக்கேள்வி கெடாவில் வாழும் தமிழருக்குத் தொலைவிலுள்ள கேள்வியன்று. 1821இல் சயாம் கெடாவின்மீது படையெடுத்தது. சுல்தான் அகமது தாஜுடின் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். இழந்த மண்ணை மீட்கக் கெடா மக்கள் மீண்டும் மீண்டும் எழுந்தனர். 1838இல் துங்கு முகமது சாட் தலைமையில் பெரும் எழுச்சி நிகழ்ந்தபோது, சயாமுக்குத் துணையாக ஆங்கிலேயக் கப்பல்கள் கெடாக் கடற்கரையை முற்றுகையிட்டன. தம் நாட்டை மீட்கப் படகேறிய மலாய் வீரருக்கு அன்று கிடைத்த பெயர் கொள்ளையர் என்பதே. அம்முற்றுகையில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய ஷெரார்டு ஆஸ்பர்ன், 1857இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். மலாய்க்காரரின் துணிவை வியந்து எழுதிய அவருடைய நூலிலும் அச்சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. 1842இல் சுல்தான் மீண்டும் அரியணை ஏறினார். கொள்ளையர் என்ற சொல் மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது.

"விளையாட்டு விளையாட்டுத்தானே? பிள்ளைகள் பொழுதுபோக்குக்காக ஆடுவதில் வரலாற்றைத் தேடுவானேன்?" என்று கேட்பவர் உளர். ஒரு காலத்தில் திரைப்படத்தைப் பற்றியும் இப்படித்தான் கூறினர். 1965இல் பி. ஆர். பந்துலு இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' ஒரு கடற்கொள்ளையர் படமேயாகும். அதன் நாயகன் மருத்துவன். காயமுற்ற கிளர்ச்சியாளருக்கு மருந்திட்ட குற்றத்துக்காகத் தீவொன்றில் அடிமையாக விற்கப்படுகிறான். பின்னர்க் கொள்ளையர் கையில் அகப்பட்டுக் கொள்ளையனாகவும் நேர்கிறது. ஒருவனைக் கொள்ளையனாக்கியது எது என்ற கேள்வியை அப்படம் எழுப்பிற்று. கப்பலேறி வந்து, துரைக்கும் கங்காணிக்கும் கட்டுண்டு பால்மரம் சீவிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் அத்தகைய படத்தை வெறும் பொழுதுபோக்காகவா பார்த்திருப்பர்? பொழுதுபோக்கின் வழியாகவே மக்கள் மனத்தில் அறமும் பகையும் ஏறுகின்றன. திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினி விளையாட்டோ நாட்கணக்கில் நீளும். அதில் ஆடுபவனே வாளேந்தி, ஆடுபவனே வெட்டுகிறான். எவனை வெட்டுகிறோம், ஏன் வெட்டுகிறோம் என்று கேட்கும் பழக்கம் அங்கே இன்னும் மிகுதியாக வேண்டும்.

அதே அளவுகோலைத் தமிழர் தம் படைப்புகள்மீதும் வைத்தாக வேண்டும். 2019இல் 'கடாரம் கொண்டான்' என்றொரு தமிழ்ப்படம் வந்தது. கதை இக்காலக் கோலாலம்பூரில் நிகழும் அடிதடிக் கதை. பிரெஞ்சுப் படமொன்றின் தழுவல். கடாரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. கொள்ளையர் படத்தின் பெயரை உருசிய விளையாட்டின்மீது ஒட்டியதற்கும், கடாரத்தின் பெயரை அடிதடிப் படத்தின்மீது ஒட்டியதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பெயர் ஒட்டப்பட்டதை மதிப்புரையாளர் குறையாகவேனும் சுட்டினர். இங்கே கடாரத்தின் மண்ணில் குடியிருப்போரும் கைதட்டியதோடு அமைந்தனர்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரத்து மன்னனைப் பிடித்ததையும், யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் கவர்ந்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையுடன் கூறுகிறது. தஞ்சையிலிருந்து நோக்கினால் அது வெற்றி. மெர்போக் ஆற்றங்கரையில் நின்று நோக்கிய மீனவன் அக்கப்பல்களை எப்பெயரால் அழைத்திருப்பான்? சோழன் பெருமையைப் பாடவேண்டாம் என்பது இதன் பொருளன்று. பெரிய கோயிலும் கடல் கடந்த வணிகமும் பாடத் தக்கவையே. ஆனால், வெள்ளையன் பிறரைக் கொள்ளையன் என்றால் வெகுண்டெழுந்து, சொந்த மன்னன் கவர்ந்து வந்ததைக் காணிக்கை என்பது நேர்மையாகாது. ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் துணிவு உள்ளவனே திறனாய்வாளன்.

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பள்ளி விட்டதும் மாணவர் கையில் கைப்பேசி ஒளிர்கிறது. அதில் அவர்கள் ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தமிழ் இதழ்களில் எத்தனை கட்டுரைகள் வந்துள்ளன? விரல்விட்டு எண்ணலாம். சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் கருத்தரங்கு கூட்டுவோர், இளையோரின் நாளில் பெரும்பகுதியை விழுங்கும் ஒரு கலையைக் கண்ணெடுத்தும் பாராதிருப்பது, எழுத்தாளர் என்ற பெயருக்கு அழகன்று. தடை செய்க என்று கூவுவது எளிது. தடையினால் எந்தப் பிள்ளையும் சிந்திக்கக் கற்றதில்லை.

செய்ய வேண்டுவது அரிதான செயலன்று. கட்டுரைப் பாடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவன் தான் ஆடிய விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதட்டும். அது நன்றாக ஆக்கப்பட்டுள்ளதா என்று முதலில் எழுதட்டும். அதில் தலைவன் யார், பகைவன் யார் என்று அடுத்து எழுதட்டும். அந்தப் பகைவன் கதை சொன்னால் அது எப்படி இருக்கும் என்று இறுதியில் எழுதட்டும். இப்பயிற்சி பெற்ற மாணவன் நாளை எந்த ஏட்டைத் திறந்தாலும் ஏமாற மாட்டான். அவனுக்கு முன்னோடியாக எழுத்தாளர் சங்கங்கள் தம் இதழ்களில் கணினி விளையாட்டுத் திறனாய்வுக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். துங்கு முகமது சாட்டின் வீரரைக் கொள்ளையர் என்று எழுதிய நாளில் கெடாவின் குரல் ஏடேறவில்லை. இன்று ஏடும் உண்டு, எழுதுகோலும் உண்டு. இனியும் பிறர் இடும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் அக்குற்றம் ஆங்கிலேயனுடையதாகாது.