திப்புவின் வாளோ?

காரிமங்கலத்தை உள்ளிட்ட பாராமகால் நாடு, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கும்பெனியார் வசமாகும் வரை திப்பு சுல்தானுக்கு உரியதாயிருந்தது. ஆதலின் இப்பக்கத்தில் பழைய வாளொன்று வெளிப்படின், அது திப்புவினதே எனக் கருதும் ஆசை எளிதில் எழும். 2023இல் இலண்டன் ஏலத்தில் அவர் வாளொன்று 1.4 கோடி பவுனுக்கு விலைபோயிற்றன்றோ!

யாம் பெயரை நம்பேம், இரும்பையே நம்புவேம். பொன்னெழுத்தை இன்றும் எவரும் பொறிக்கலாம். மூசையிலிட்டு உருக்கிய தென்னாட்டு எஃகின் நீரோட்டம் போன்ற வரிகளோ அதன் உள்ளமைப்பிற் பிறந்தவை. தேய்ந்து மங்கினும் திராவகம் பட்டால் மீளத் தோன்றும். போலியின் மேல் வரைந்த வரி, தேய்த்தால் மறைந்தொழியும். பழைய தல்வாரில் அலகைப் பிடியினுள் அரக்கிட்டு இறுக்குவர். ஆண்டுத் திருகாணி காணின் ஐயுறுக. திப்பு பெயரில்லாத வரிவாளும் எம் கண்ணுக்கு அரும்பொருளே. ஆயினும் வரி காணும் ஆவலால் வீட்டிலேயே துருவைச் சுரண்டற்க. அறிந்த அருங்காட்சியகத்தார்க்குக் காட்டுக.