கீசரை மாட்ட யாரை அழைப்பது?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கே, "ஒரு வாளி வெந்நீர் கிடைக்குமா?" என்ற குரல் எழும். பாட்டாவுக்கு மூட்டுவலி, பாட்டிக்கு இளைப்பு. அவர்களுடைய இளமைக் காலத்தில் வெந்நீர் என்றால் முற்றத்து அடுப்பும் செம்புப் பானையும்தான். கொதும்பும் சிரட்டையும் போட்டு எரிப்பார்களாம். மழைக்காலத்தில் நனைந்த கொதும்பை ஊதி ஊதியே பாட்டியின் கண்கள் சிவந்துவிடுமாம். இன்று ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். விஞ்ஞானம் நமக்குத் தந்த வசதிகளுள் இது சிறியதன்று. ஆனால் அந்தக் கருவியை நம் வீட்டுச் சுவரில் மாட்டித் தருபவர் யாராக இருக்க வேண்டும் என்று நாம் சிந்திக்கிறோமா? சென்ற ஆண்டு வரை நானும் சிந்தித்ததில்லை.

ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து வந்த பாட்டி, "பைப்பைத் தொட்டா கை சுருக்குன்னு இழுக்கு மக்களே" என்றார்கள். வயதானவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி இருக்கும் என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார்கள். மறுநாளும் பாட்டி அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் ஈரக் கையுடன் குழாயைத் தொட்டேன். என் கையும் இழுத்தது. பாட்டியின் நரம்பைக் குறை சொன்ன நாங்கள் வெட்கப்பட்டோம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே குளிக்கும் பழக்கம் பாட்டிக்கு இருந்தது. அந்தச் செருப்புக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

கீசருக்கு வயது பதினொன்று. எங்கள் கிணற்று நீர் உப்புச் சத்து மிகுந்தது. அத்தகைய நீரைக் காய்ச்சக் காய்ச்ச, உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பியின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படிகிறது. சூடு நீருக்குப் போக வழியில்லாமல் கம்பியிலேயே தங்க, அதன் மேலுறை ஒரு நாள் வெடிக்கிறது. உடனே மின்சாரம் நீரிலும் தொட்டியிலும் இறங்கிவிடும். தொட்டி துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு வைத்திருப்பார்கள். இரும்பைவிட மக்னீசியம் வினைபடுதிறன் மிக்கது என்று வேதியியலில் படிக்கிறோம் அல்லவா? இரும்புக்குப் பதிலாக அது தன்னையே அரிக்கக் கொடுக்கும். எங்கள் வீட்டுத் தண்டு எப்போதோ கரைந்து முடிந்திருந்தது. பதினொரு ஆண்டுகளில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

சரி, புதிதாக வாங்குவது என்று முடிவாயிற்று. என் தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார்கள். தொலைபேசியில், "15 லிட்டர் வாங்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கு" என்றார்கள். கடைக்காரர் ஒருவர் எரிவாயுவில் இயங்கும் கீசரையும் காட்டினார், செலவு குறைவாம். எங்கள் குளியலறைக்கு ஒரு முழ ஜன்னல்தான் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அம்மா வேண்டாமென்று கையசைத்துவிட்டார்கள்.

வாங்குவது எளிது, மாட்டுவதில்தான் வழக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார்கள். கோயில் திருநாளுக்குச் சீரியல் பல்பு கட்டுவதிலிருந்து பம்புசெட் பழுதுபார்ப்பது வரை எல்லாம் அவர்கள்தான். கூலி கேட்க மாட்டார்கள். ஒரு காப்பி போதும். தந்தை ஊரில் இல்லாத எங்கள் வீட்டுக்கு அவர்கள் செய்த உதவிகளை நான் மறந்தால் அது நன்றிகெட்டதனம். பழைய கீசரை மாட்டியவர்களும் அவர்களே. "ரெண்டு பைப்பும் ஒரு பிளக்கும். அரை மணி நேர வேலை" என்றார்கள்.

பாட்டா மாமா பக்கம். அம்மாவோ, கம்பெனி ஆளே வந்து இலவசமாக மாட்டித் தருவார்களே, உத்தரவாதமும் நிலைக்குமே என்றார்கள். கம்பெனி ஆள் வந்தார். முதல் கேள்வி: "வீட்டுல ஆம்பிளைங்க யாரும் இல்லியா?" பாட்டா திண்ணையிலிருந்து இருமினார்கள். அந்தத் தம்பி சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல போல்ட்டு போட்டு, குழாய்களைச் சரியாகவே இணைத்தார். நீர் நிரம்பினால் ஏறத்தாழ 25 கிலோ எடை தலைக்கு மேல் தொங்கும் கருவி அது. வெறும் பூச்சில் ஆணியடித்தால் தாங்குமா? அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் கேட்டேன்: "அண்ணா, எர்த் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" அவர் சிரித்தார். "அது வீட்டு வயரிங். எங்க வேலை இல்ல தங்கச்சி."

அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அது யாருடைய வேலை? மாமாவும் பார்க்கவில்லை, கம்பெனியும் பார்க்காது என்றால், பாட்டியின் கைதான் பார்க்க வேண்டுமா? அன்று அம்மா சுவிட்சைப் போட விடவில்லை.

இதைப்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி, மின் அமைப்பு வேலைகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்றது. ஆனால் அதே விதி பல்பு, விசிறி, வீட்டுக் கருவி ஆகியவற்றை மின்திறன் மாறாமல் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. பழைய கீசரைக் கழற்றி அதே அளவில் புதியதை மாட்ட யாரும் மாட்டலாம் என்று ஆகிறதல்லவா? பிரிட்டனில் எரிவாயுக் கருவி என்றால், 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர்கள்தாம் தொழிலாகத் தொடலாம். நமக்கோ தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வீட்டாரிடமே விட்டிருக்கிறார்கள். ஆகையால் கேள்வி கேட்க வேண்டியவர்களும் வீட்டார்தாம்.

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாள் சான்றிதழ் பெற்ற ஒருவரை அம்மா விசாரித்து அழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பும் இரண்டு வயர்களும் எடுத்தார். ஒரு முனையை பேஸிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்தார், பல்பு எரிந்தது. பிறகு நியூட்ரலில் இருந்த முனையை எடுத்து எர்த் துளையில் வைத்தார். பல்பு எரியவில்லை. இருமுறை செய்து காட்டினார். மூன்று துளை உள்ள பிளக்கு; மூன்றாம் துளை வெறும் அலங்காரம்! சுவிட்ச் பலகையைக் கழற்றினால், பச்சை வயர் உள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மீட்டர் பக்கம் மண்ணில் இறங்கிய கம்பி துருவேறி அறுந்திருந்தது.

தோழியரே, பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அதற்குரிய 16 ஆம்பியர் பியூஸ் காப்பது வயரைத்தான், நம்மை அன்று. மனித உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடப் போதுமானது. அதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. என்ற துண்டிப்பான் இருக்கிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கும்; 0.03 ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். எங்கள் வீட்டில் அது இல்லை. உங்கள் வீட்டில்?

அவர் புதிய எர்த் குழி எடுத்தார், வயர் இழுத்தார், ஆர்.சி.சி.பி. பொருத்தினார். இரண்டு நாள் வேலை. கீசரின் விலையில் ஏறத்தாழப் பாதி செலவாயிற்று. பாட்டா முணுமுணுத்தார்கள். பழைய கீசரைக் கீழே இறக்கியபோது அவர் இன்னொன்றையும் காட்டினார். சூடாகும் நீர் விரியும். 15 லிட்டர் நன்கு சூடேறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடும். அதனால் அழுத்தம் மிகுந்தால் வெளியேற்றுவதற்கென்று ஒரு வால்வு உண்டு. எங்கள் பழைய வால்வில் துளி சொட்டுகிறதென்று யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த 'யாரோ' யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை.

மாமா மீது எனக்குக் கோபமில்லை. அன்பினால் செய்தார்கள், சொட்டும் வால்வை அடைத்ததும் அன்பினால்தான். ஆயினும் உறவு பார்த்துக் கொழுக்கட்டை கொடுக்கலாம், உயிரை ஒப்படைக்கலாமா? வேலை முடிந்ததும் தம் கையால் சோதித்துக் காட்டி, அதைத் தாளில் எழுதிக் கையொப்பமிடத் தயாராக இருப்பவர் யாரோ, அவரையே அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. சொந்தக்காரரானாலும் சரி, கம்பெனிக்காரரானாலும் சரி, இந்த ஒன்றைக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் கீசரைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு கருத்தும் உண்டு. நம் மாவட்டத்தில் ஆண்கள் வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே வயரையும் வால்வையும் பற்றி முடிவெடுப்பவர்கள் நம் அம்மாக்களே. நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எலக்ட்ரீசியன் பயிற்சியை ஆண்பிள்ளைகளுக்கு உரியதென்று யார் விதித்தது? நான் சேர விரும்புகிறேன் என்றபோது அம்மா சிரித்தார்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.

மாமா மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பாட்டி பலாப்பழம் அறுத்து என் கையில் கொடுத்தனுப்பினார்கள். மாமா வாங்கிக்கொண்டார்கள், ஒன்றும் பேசவில்லை. நான் வாசற்படி இறங்கியபோது மட்டும், "அந்த ஆளு பல்பு வெச்சுப் பாத்தாராமே, அது எப்படி?" என்று கேட்டார்கள். திருநாள் பந்தலுக்குச் சீரியல் பல்பு கட்ட இன்னும் பத்து நாள் இருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.