அணை நிறைந்தால் வலை காலி

ஜனவரி பிறந்துவிட்டால் பொன்முடிக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிளம்பும் வண்டிகள் கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறுகின்றன. உச்சியில் பனிமூட்டம், ஸ்வெட்டர், சூடான டீ. இறங்கும் வழியில் சிலருக்கு இன்னொரு ஆசையும் வரும். மலையடிவாரத்தில் பேப்பாறை நீர்த்தேக்கம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளித் தெற்கே நெய்யாறு அணை. காற்று அடங்கி, கலங்கல் தெளிந்து, கண்ணாடி மாதிரிக் கிடக்கும் தண்ணீர். தூண்டில் போட்டால் மீன் துள்ளிக்கொண்டு வராதா?

வராது என்பதே அனுபவஸ்தர்களின் பதில். வந்தாலும் விரலளவு ஜிலேபிக் கெண்டைதான் வரும். அதற்கும் முன்பாக வனத்துறை ஊழியர் வந்துவிடுவார். இரண்டு தேக்கங்களும் வனவிலங்கு சரணாலயங்களுக்குள் இருக்கின்றன. நெய்யாறு 1958லும், பேப்பாறை 1983லும் அந்த அந்தஸ்தைப் பெற்றன. போதாக்குறைக்குப் பேப்பாறை, திருவனந்தபுரம் நகரத்தின் குடிதண்ணீர்த் தொட்டி. அங்கே அனுமதியில்லாமல் தூண்டிலோடு நிற்பது உல்லாசம் அல்ல, குற்றம். நெய்யாற்றில் வேறொரு காரணமும் உண்டு. அங்குள்ள காப்பகத்தில் வளர்க்கப்பட்ட முதலைகளை ஒரு காலத்தில் தேக்கத்தில் விட்டார்கள். கரையில் குளித்தவர்களும் துவைத்தவர்களும் கடிபட்ட பிறகு, பலவற்றைத் திரும்பப் பிடிக்க நேர்ந்தது.

சுற்றுலாப் பயணிக்கு மீன் கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. மரச்சீனிக் கிழங்கு கிடைக்கும், ஹோட்டலில் கடல் மீன் குழம்பும் கிடைக்கும். ஆனால் இந்தத் தண்ணீரை நம்பி வலை வைத்திருக்கும் காணிக்காரக் குடும்பங்களுக்கு இது வேடிக்கையான விஷயம் அல்ல. வருஷத்திலேயே ஏரி மிக அழகாக இருக்கும் மாதங்களில்தான் அவர்கள் வலை மிக லேசாக வருகிறது.

இதற்குக் குளிர் காரணம் என்று நினைப்பது சுலபம். ஆனால் குளிரின் பங்கு கொஞ்சம்தான். பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து அணைகளோ சுமார் 100 மீட்டரில். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஆறேழு டிகிரி மாறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. மேலே பல் கிட்டுகிற நேரத்தில் கீழே தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜிலேபிக் கெண்டை தீனியை மறக்க வேண்டுமென்றால் தண்ணீர் 16 டிகிரி வாக்கில் இறங்க வேண்டும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குளிர்காலம் என்றால் நிஜமாகவே மீன்பிடிப்பைப் பூட்டி வைக்கும் இடம் காஷ்மீர். அங்கே டிரௌட் மீனுக்குத் தூண்டில் போட ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் ஆறு மீனுக்குச் சொந்தம். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட்டும் குளிர் மாதங்களில்தான் முட்டையிடுகிறது.

தென்கோடியில் கணக்கே வேறு. வானிலை இலாகாவின் அகராதியில் குளிர்காலம் என்பது ஜனவரி, பிப்ரவரி மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. திருவனந்தபுரம் ஜில்லாவுக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அகஸ்தியர் மலையின் மேற்குச் சரிவில் பெய்வதெல்லாம் கரமனை ஆற்றிலும் நெய்யாற்றிலும் இறங்கி, டிசம்பர் வாக்கில் அணைகளை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலைப் போல ஏதாவது சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

நிரம்பிய ஏரியில் அதே மீன்கள், ஆனால் பல மடங்கு தண்ணீர். கோடையில் ஒரு குட்டையில் நெரிசலாகக் கிடந்தவை இப்போது காட்டோரப் புல், முங்கிய புதர், ஓடை வாய் என்று ஊரெல்லாம் பரவிவிடுகின்றன. அணை கட்டியபோது முங்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். செவுள் வலை அதில் மாட்டினால் மீனுக்குப் பதில் கிழிசல்தான் மிச்சம். தண்ணீர் தெளிந்திருப்பதும் இடைஞ்சலே. வலையை மீன் பார்த்துவிடுகிறது, நிலா வெளிச்ச இரவில் இன்னும் நன்றாக. அதனால்தான் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அணை மீனவர்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது வழக்கம்.

இந்த மாதங்களில் ஏரிக்குள் நடப்பது கரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. மேகமில்லாத ஜனவரி இரவில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. கோடையில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒட்டாமல் கிடந்த தண்ணீர் இப்போது கலக்கிறது. அடியில் மக்கிக் கிடந்த இலைச்சத்து மேலே வருகிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மேல்மட்டத்தில் மேயும் கட்லா கொழுக்கிறது. நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று ஒரே ஏரியை மூன்று மாடியாகப் பங்குபோட்டுக்கொள்ளும் மீன்கள் இவை. ஆக, பிடிப்பவனுக்கு மந்தமான பருவம் மீனுக்கு வளரும் பருவம்.

அதிலும் விரலளவுக் குஞ்சுகளுக்கு. கட்லாவும் ரோகுவும் கேரளத்து ஆறுகளுக்குச் சொந்தமானவை அல்ல. தேங்கிய தண்ணீரில் அவை குஞ்சு பொரிப்பதும் இல்லை. ஓடும் வெள்ளம் வேண்டும். அதனால் அணைகளில் வருஷா வருஷம் குஞ்சு கொண்டுவந்து விடுவதைத் தவிர வழியில்லை. அந்தக் குஞ்சு கிடைப்பதே ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தின் தயவைப் பொறுத்திருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி, கெண்டை மீனுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சு உற்பத்தி ஒரு தொழிலாயிற்று. அவருடன் சேர்ந்து உழைத்த கே.எச். அலிகுஞ்ஞி மலையாளி. அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம்.

மழைக்காலத்தில் பொரித்த குஞ்சு நீர்த்தேக்கத்தில் விடத் தகுந்த அளவுக்கு, அதாவது குறைந்தது 10 சென்டிமீட்டருக்கு, வளர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதற்குள் குளிர்காலம் வந்துவிடும். பருவமும் தோதானதுதான். முந்தி விட்டால் ஷட்டர் திறக்கும்போது குஞ்சும் தண்ணீரோடு ஆற்றுக்குப் போய்விடும். சிக்கல் இனிமேல்தான். பெரிய மீன் அகப்படாத இதே மாதங்களில் கைச்செலவுக்கு வழி தேடுகிறவர் சின்னக் கண்ணி வலையை எடுக்கிறார். ஒரு வருஷம் விட்டுவைத்தால் கிலோ கணக்கில் நிற்கக்கூடிய கட்லா, கை நீளம்கூட வளராமல் சந்தைக்கு வந்துவிடுகிறது. குஞ்சு விட்ட செலவு அரசாங்கத்துக்கு. நஷ்டம் யாருக்கு என்றால், அடுத்த வருஷம் அதே வலையை வீசப்போகிற அதே ஆளுக்கு.

ஜிலேபிக் கெண்டைக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. 1952ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா, தமிழ்நாட்டு நாக்கில் விழுந்து ஜிலேபியாகிவிட்டது. பெயர்தான் இனிப்பு. தேங்கிய தண்ணீரில், ஆழமில்லாத ஓரத்தில், ஆண் மீன் வட்டக்குழி பறிக்கும். பெண் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும் குளிர்கால வாரங்கள் அதற்கு மகா உசிதம். கோடையில் என்றால் தண்ணீர் வற்றிக் குழிகள் வெயிலில் காய்ந்துவிடும். உடுமலை அருகே அமராவதி அணைக்குப் போனவர்களுக்கு இந்த மீனின் பராக்கிரமம் தெரியும். அங்கே வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபிதான். அணைக்கட்டில் வறுத்து விற்பதும் அதையே.

மலையாளிகள் 'குயில்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கும் மஹசீர் போன்ற மண்ணின் மீன்களுக்கோ தேங்கிய தண்ணீர் சிறை. கல்லாறு மாதிரி உருண்டைக் கற்களில் சலசலக்கும் ஓடை வேண்டும் அவற்றுக்கு. மழை ஓய்ந்த மாதங்களில் இந்த ஓடைகள் மெலிந்து, பாறைக் கசங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீன் முழுக்க அங்கே ஒதுங்கும். தோட்டா வெடிப்பவர்களும் மருந்து கலக்குபவர்களும் காத்திருப்பது இதற்காகத்தான். வெடிவைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுத் தடுத்தான். நூற்று இருபது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தச் சட்டத்துக்கு வேலை குறைந்தபாடில்லை. ஒரு தோட்டா, பிடிக்க நினைத்த பத்து மீனோடு கசத்திலிருக்கும் குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுகிறது.

எந்த மாதத்தில் மீனை விட்டுவைக்க வேண்டும் என்பதில் அரசாங்கங்களின் பார்வை பெரும்பாலும் கடலையும் ஜூன் மழையையும் சுற்றியே இருக்கிறது. கேரளக் கடலில் ஜூன், ஜூலையில் 52 நாள் டிராலர் தடை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. உள்நாட்டிலும், புதுமழைக்கு எதிரேறி வயலுக்கும் ஓடைக்கும் வரும் சினைமீனைப் பிடிக்கும் 'ஊத்தா' பிடிப்பைக் கேரளம் தடைசெய்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லா மீனும் ஜூனில் பிள்ளை பெறுவதில்லை.

இதில் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே சாட்சி உண்டு. வடக்கத்தி ஆறுகளில் கிடைக்கும் 'மிஸ் கேரளா' என்ற சிவப்புக்கோட்டு மீன், கண்ணாடித் தொட்டிப் பிரியர்களுக்காக விமானம் ஏறி வெளிநாடு போகும் அழகி. 1865ல் பிரான்சிஸ் டே அதற்கு அப்போதைய சென்னை கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். அளவு கடந்து பிடிக்கிறார்கள் என்று 2008ல் கட்டுப்பாடு வந்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் சினையைச் சோதித்தபோது, அது இனம் பெருக்குவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று தெரிந்தது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை, காக்க வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி, கதவு திறந்தே கிடந்தது.

நீர்த்தேக்கங்களுக்கு அப்படி ஒரு தப்பான தேதிகூட ஜூனைத் தாண்டிக் குறிக்கப்படவில்லை. குஞ்சு விட்ட பின் சில வாரங்கள் வலையைச் சுருட்டி வைத்தால் போதும் என்பது மீன்வளத்துறையினர் நெடுநாளாக அறிந்த சங்கதி. சுருட்டி வைக்கிறவருக்கு அந்த வாரங்களில் சோறு யார் போடுவது என்பதுதான் கேள்வி. பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் (2020) இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. தடைக்காலத்திலும் பிடிப்பு மந்தமான காலத்திலும் ஏழை மீனவக் குடும்பங்களுக்கு உதவித்தொகை. கடல் மீனவருக்கு மட்டுமல்ல, உள்நாட்டு மீனவருக்கும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதிகளைப் படித்தால் ஒரு வார்த்தை தடுக்கும். பயன்பெறுபவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக, 'முழுநேர' மீனவராக இருக்க வேண்டும்.

காணிக்காரர் எந்தக் காலத்திலும் எதிலும் முழுநேரக்காரராக இருந்ததில்லை. கொஞ்சம் மரச்சீனி, கொஞ்சம் மிளகு, பருவத்தில் தேன், மலைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டும் கூலி, சாயங்காலம் மூங்கில் தெப்பத்தில் போய் வைக்கும் இரண்டு வலை. காடு அப்படித்தான் அவரை வாழ வைத்திருக்கிறது. களைப்பாற அவர்கள் மெல்லும் ஆரோக்கியப் பச்சையை 1987ல் விஞ்ஞானிகள் கண்டுகொண்டு மருந்தாக்கியதும், லாபத்தில் பங்கு கொடுத்ததும் உலகம் முழுக்கப் பேசப்பட்ட கதை. அவர்கள் வலையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதியதில்லை. சரணாலய எல்லைக்குள் அந்த வலைக்கும் வனத்துறையின் சம்மதம் தேவை. மீன்வளத்துறைப் பட்டியலில் அவர் முழு மீனவர் அல்ல. வனத்துறைக்கோ வலை வைத்திருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகத்துக்குரியவர்.

மலையின் இந்தப் பக்கமும் கதை அதிகம் மாறவில்லை. கன்னியாகுமரி ஜில்லாவில், 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் கரையிலும் காணிக் குடியிருப்புகள். அதே இரண்டு மழை, அதே நிரம்பிய டிசம்பர். நெய்யாற்றுத் தண்ணீர் விளவங்கோடு தாலுகாவுக்கு 2004ல் நின்றுபோய், விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. இரண்டு ராஜ்யங்களும் டி.எம்.சி. கணக்கில் காட்டும் அக்கறையில் கால்பங்கை மீன் கணக்கில் காட்டினால், ஒரே மலையின் இரு சரிவுக்கும் ஒரே காலண்டர் எழுதிவிடலாம்.

ஜனவரி நடுவில் போனக்காடு வழியே அகஸ்தியர்கூடம் ஏறும் அனுமதிச் சீட்டுக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். காணி இளைஞர்களுக்குச் சில வாரங்கள் கூலி உண்டு. பிப்ரவரி கடைசியில் நீர்மட்டம் விழ ஆரம்பிக்கும். முங்கிய மரக்கட்டைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், பரவிய மீன் பள்ளத்துக்குத் திரும்பும். பேப்பாறையில் எத்தனை நாள் தண்ணீர் மிச்சம் என்று திருவனந்தபுரம் பத்திரிகைகள் கவலைப்படத் தொடங்கும் வாரத்தில், நெய்யாற்றில் தெப்பத்தைத் தள்ளுகிறவர் வலையைத் தூக்கக் கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்.