குட்டி யானையா, பிக்கப்பா? அவசர லோடுக்கு வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கடைசி நாற்பது பெட்டிகள் பேக்கிங் முடியும்போது இரவு 8 மணி. மற்ற சரக்கை ஏற்றிய லாரி மாலையே தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலைக்குள் இந்தப் பெட்டிகளும் போய்ச் சேராவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. பிறகு விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவிலேயே லாபம் போய்விடும். அப்போது போன் போவது சின்ன லோடு வண்டிக்காரருக்குத்தான்.

கோவையிலிருந்து ஓசூருக்குப் போகும் உதிரி பாகம், சென்னை விமான நிலையத்தைப் பிடிக்க வேண்டிய சாம்பிள் என்று இப்படி அவசர லோடுகள் தினமும் ஓடுகின்றன. வழக்கமான பார்சல் சர்வீஸில் சரக்கு குடோனுக்குப் போய், பல பேருடைய சரக்கோடு சேர்ந்து, லாரி நிறைந்த பிறகுதான் கிளம்பும். அவசர லோடில் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்கு ஒரே ஓட்டம். அதனால் வாடகையும் கூடுதல்.

இந்தக் கூடுதல் வாடகையை நம்பித்தான் பல இளைஞர்கள் வண்டி வாங்கக் கிளம்புகிறார்கள். முன்பணத்துக்கு வீட்டு நகை அடகுக்குப் போகிறது. ஆனால் ஷோரூமில் பேச்சு பெரும்பாலும் மைலேஜ், தவணை இரண்டோடு முடிந்துவிடுகிறது. வண்டியைத் தீர்மானிக்க வேண்டியது அவை மட்டுமல்ல; போகும்போது என்ன லோடு, வரும்போது என்ன லோடு என்பதுதான் முதல் கேள்வி.

எடை முதலில் தீருமா, இடம் முதலில் தீருமா?

2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து முக்கால் டன் வண்டிகளுக்கு ‘குட்டி யானை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2011-ல் ஓசூரில் தயாராகி வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன் ரகத்தைப் பரவலாக்கியது. அதற்கு மேல் ஒன்றரை டன், 1.7 டன் பிக்கப்கள் இருக்கின்றன. பெரிய வண்டி வாங்கினால் எல்லா லோடும் கிடைக்கும் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

முக்கால் டன் வண்டியின் தொட்டி ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட துணிப் பெட்டிகளை அடுக்கினால் ஒரு வரிசைக்கு 10 பெட்டி. நான்கு அடுக்குக்கு 40 பெட்டி. ஒரு பெட்டி 12 கிலோ என்றால் மொத்தம் 480 கிலோதான். வண்டி 750 கிலோ தாங்கும். ஆனால் இடம் தீர்ந்துவிட்டது. இதே வண்டியில் பம்ப் செட்டுக்கான வார்ப்பிரும்பை ஏற்றினால் தொட்டியில் பாதி காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும்.

ஆக, துணி ஏற்றுபவருக்கு உயரமும் நீளமும் உள்ள பாடி வேண்டும். இரும்பு ஏற்றுபவருக்கு எடை தாங்கும் சேஸிஸும் பிரேக்கும் வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆர்.சி-யில் உள்ள மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் ஏற்றக்கூடிய எடை. கன்டெய்னர் பாடி கட்டினாலும், சி.என்.ஜி சிலிண்டர் பொருத்தினாலும் அந்த எடையும் இதிலிருந்துதான் கழியும்.

‘கொஞ்சம் கூட ஏத்திக்கலாம்’ என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதோடு, ஏற்றிய கூடுதல் எடையை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும். அவசர லோடு அங்கேயே நின்றுவிடும்.

திரும்பி வரும் வண்டிக்கு என்ன லோடு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி போய் வர சுமார் 600 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் 40 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 3,800 ரூபாய். டோல்கேட்டுக்கு 1,000, சாப்பாடு இதர செலவுக்கு 500, டயருக்கும் சர்வீஸுக்கும் கி.மீ.-க்கு 2 ரூபாய் வீதம் 1,200. மொத்தம் 6,500 ரூபாய். வாடகை 8,500 ரூபாய் பேசியிருந்தால் கையில் நிற்பது 2,000.

மாதத் தவணை 18,000, இன்ஷூரன்ஸுக்கு மாதம் 3,500 என்று ஒதுக்கினால் 21,500 ரூபாய். அதாவது முதல் 11 நடை வண்டிக்கே போய்விடும். ஒரு நடைக்கு இரண்டு நாள் என்றால் மாதத்தில் 22 நாள். மீதி எட்டு நாளில் இன்னும் நான்கு நடை. ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் 15 நடை அடித்தாலும் வீட்டுக்கு வருவது 8,500 ரூபாய்தான்.

இப்போது அந்த 15 நடையில் ஏழில் மட்டும் திரும்பும்போது 3,000 ரூபாய்க்கு லோடு கிடைக்கிறது என்று வையுங்கள். கூடுதலாக 21,000 ரூபாய். மாத வருமானம் 29,500 ஆகிவிடும். ரிட்டர்ன் லோடுக்கு அவ்வளவு பலம்.

அதனால்தான் பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது திரும்பும் வழியையும் யோசிக்க வேண்டும். மூடிய கன்டெய்னர் பாடி துணிக்கு அருமை. மழையில் நனையாது, பூட்டும் போடலாம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து அதில் கருவாடு ஏற்றினால் வாடை லேசில் போகாது. அடுத்த நாள் பனியன் பெட்டியை யாரும் ஏற்ற விட மாட்டார்கள். திறந்த பாடியில் வாழைத்தாரும் ஏற்றலாம், மெஷினும் ஏற்றலாம். ஆனால் நல்ல தார்ப்பாயும் கட்டத் தெரிந்த கையும் வேண்டும். எது சரி என்பதை ஷோரூம் சொல்லாது. அந்த ஊரின் லோடு ஆபீஸில் இரண்டு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

டீசலா, சி.என்.ஜி-யா, கரன்ட்டா?

ஊருக்குள்ளேயே ஓடி, இரவு வீட்டுக்கு வந்துவிடும் வண்டி என்றால் மின்சார வண்டியையும் பார்க்கலாம். ஒரே மூச்சில் 300 கி.மீ. ஓட வேண்டும் என்றால், நடுவழியில் சார்ஜ் ஏறும் நேரமே அவசரத்தைக் கெடுத்துவிடும். சி.என்.ஜி-யில் எரிபொருள் செலவு குறையும். ஆனால் போகும் பாதையில் பங்க் எங்கே, இரவு 12 மணிக்குத் திறந்திருக்குமா, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தொலைதூர அவசர லோடுக்குப் பலர் டீசலை விடாததற்கு இதுதான் காரணம்.

எந்த வண்டியானாலும் போகிற பாதையில் அதற்கு மெக்கானிக்கும் உதிரி பாகமும் கிடைக்க வேண்டும். வழியில் நின்றுபோனால் ஓடிவர இன்னொரு வண்டிக்காரரின் நம்பரும் கையில் இருக்க வேண்டும். அவசர லோடு கொடுப்பவர் ஒரு தடவை ஏமாந்தால் மறுபடி கூப்பிட மாட்டார்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வேனில் வாடகைக்குச் சரக்கு ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கை விரித்துவிடலாம். மஞ்சள் போர்டு வண்டியாகவே வாங்க வேண்டும்.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. முக்கால் டன், ஒன்றேகால் டன் வண்டிகள் இதற்குள் வரும். 1.7 டன் பிக்கப் இதைத் தாண்டிவிடும். பெரிய வண்டி எடுக்கும்போது இந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரி, இன்ஷூரன்ஸ், எஃப்.சி எல்லா வண்டிக்கும் உண்டு. எஃப்.சி, வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுதோறும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முந்தைய கடன் முடிந்ததற்கான ஃபைனான்ஸ் என்.ஓ.சி-யைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

கார் ஓட்டும் எல்.எம்.வி லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

கிளம்பும் முன் இ-வே பில்லைப் பார்ப்பதும் முக்கியம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அது வேண்டும். 200 கி.மீ.-க்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். வழியில் வண்டி மாற்றினால் புதிய வண்டி நம்பரைப் பில்லில் ஏற்ற வேண்டும்.

டிரைவரின் தூக்கமும் கணக்கில் உண்டு

வேலைக்கு வைத்த டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்பது சட்டம். சொந்த வண்டி ஓட்டுபவரின் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. பகலெல்லாம் ஊருக்குள் லோடு அடித்துவிட்டு, இரவு 300 கி.மீ. கிளம்பும்போது தவணைத் தேதி கண்ணை மூட விடாது. விடியற்காலை 3 மணிக்குக் கண் தானாக மூடும். தவணை பெரிதாகப் பெரிதாக, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய லோடையும் எடுக்க வேண்டிவரும். சின்ன வண்டியும் சின்னத் தவணையும் கொடுக்கும் பெரிய வசதி, ஓர் இரவு ‘இன்னிக்கு முடியாதுண்ணா’ என்று சொல்ல முடிவதுதான்.

புக்கிங் பணம் கட்டும் முன் ஒரு மாதம் பொறுங்கள். தெரிந்தவரின் வண்டியில் டிரைவராகவோ, கூட ஆளாகவோ போய்வாருங்கள். ஒவ்வொரு நடைக்கும் என்ன சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை பெட்டி, டீசல், டோல்கேட், காத்திருந்த நேரம், திரும்பும்போது லோடா காலியா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எந்த வண்டி, எந்த பாடி, எவ்வளவு தவணை தாங்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நகையைப் பெட்டியிலிருந்து எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.