பாலாக் லோரியில் தெரியும் அந்த எண் யாருடையது?

குவா மூசாங் சாலையிலோ கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையிலோ கார் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. முன்னால் ஒரு பாலாக் லோரி முனகிக்கொண்டு மேடு ஏறும். முந்தவும் முடியாது, நெருங்கிப் போகவும் பயம். வேறு வழியில்லாமல் அரை மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மரத்துண்டுகளின் வெட்டுமுகத்தைத்தான். சாயத்தில் எழுதிய எண்கள், சுத்தியலால் அடித்த முத்திரை, ஆணி அறைந்த சிறிய பிளாஸ்டிக் சீட்டு எல்லாம் அதில் தெரியும்.

அந்தச் சீட்டுதான் மரத்தின் பிறப்புப் பத்திரம். மரம் வெட்டப்படுவதற்கு முன்பே வனத்துறையின் களப் பணியாளர் ஒருவர் காட்டுக்குள் நடந்து போய், அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து, அளந்து, எண் கொடுத்திருக்கிறார். சீட்டின் ஒரு பகுதி அடிக்கட்டையிலேயே இருக்கும். மற்றப் பகுதி துண்டோடு லோரியில் ஏறும். இரண்டு எண்களும் பொருந்தினால் அது அரசாங்கம் விற்ற மரம். பொருந்தாவிட்டால் அது யாரோ எடுத்த மரம்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறு பெருகி மரக்கட்டைகள் வீட்டு வாசலுக்கு வரும்போது வனத்துறையை ஏசுகிறோம். காட்டு மரத்தை யார் விற்கிறார்கள், யார் அளக்கிறார்கள் என்பதை மட்டும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. இவை இரண்டும் வேறு வேறு கைகள்.

முதலில் விற்பவரைப் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின்படி காடு மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. மாநிலங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வருமான வழிகளைப் பத்தாவது அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் முதலில் வருவது கள்ளுக்கடை வருமானம்! அடுத்ததுதான் நிலம், சுரங்கம், காடு. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் போன இடம் நமக்குத் தெரியும். வருமான வரியும் நிறுவன வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போய்விடுகின்றன. கிளந்தான், பகாங் போன்ற காடு நிறைந்த மாநிலங்களுக்கு மிஞ்சுவது நிலமும் மரமும்தான். மந்திரி புசாராக யார் வந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும், சம்பளம் கொடுக்க வேண்டிய மாதக் கடைசியில் கண் அங்கேதான் போகும்.

1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி மரம் எடுக்கும் உரிமத்தை டெண்டர் மூலமாகவும் கொடுக்கலாம், நேரடியாகப் பேசியும் கொடுக்கலாம். இரண்டாவது வழி திறந்திருக்கும்வரை சந்தேகமும் திறந்தே இருக்கும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், காட்டில் சங்கிலி வாளோடு நிற்பவர் வேறொருவருடைய கான்ட்ராக்டராக இருப்பார். இந்தத் தொழிலில் இது பழைய பழக்கம். எந்தக் காட்டை, யாருக்கு என்ற முடிவு மாநிலத் தலைநகரில் எடுக்கப்படுகிறது. ரேஞ்சரின் அறிக்கை அந்த மேசைக்குப் போகும், அவர் போகமாட்டார்.

அவர் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. தீபகற்பத்தில் 1978 முதல் தேர்ந்து வெட்டும் முறை நடப்பில் இருக்கிறது. வெட்டுக்கு முன்னால் காட்டின் பத்து விழுக்காட்டுப் பரப்பை மாதிரியாக எடுத்து மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும். மெரந்தி, கெருயிங், காப்பூர் இனங்களில் நெஞ்சளவு உயரத்தில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. செங்கால் என்றால் 60. இந்தக் குடும்பத்தைச் சேராத மற்ற இனங்களுக்கு 45. இவை குறைந்தபட்ச அளவுகள்தாம். கணக்கெடுப்பைப் பொறுத்து ஒரு காட்டுக்கு இதைவிட உயர்த்தியும் வைப்பார்கள். பலகை வேர் உயரமாக இருந்தால் அதற்கு மேலே ஏறி அளக்க வேண்டும். மிகச் சரிவான மலைப்பக்கத்தையும் ஆற்றங்கரையையும் விட்டுவிட வேண்டும். விதை போடும் தாய் மரங்களைக் குறித்து ஒதுக்க வேண்டும். எல்லைக் கோட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும். அட்டைக் கடி, யானைத் தடம், பல நாள் முகாம் சாப்பாடு எல்லாம் இதில் சேர்த்தி.

வெட்டி முடித்த காட்டுக்கு மறுபடி வருவது 30 ஆண்டுகள் கழித்து. இன்று 28 வயதில் ஒரு மரத்துக்கு எண் அடிக்கும் பணியாளர், அடுத்த வெட்டு வரும்போது 58 வயதில் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார். அவர் விட்டுவைத்த இளமரங்கள் உண்மையிலேயே நின்றனவா என்பது அன்றுதான் தெரியும். என் வயதில் ஒருவர் செய்யும் வேலைக்கு மதிப்பெண் 2050களில் கிடைக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால் எவ்வளவு வெட்டினாலும் ஸ்டோரில் நிறுவைதான் சம்பளத்தைத் தீர்மானித்தது. வாளியில் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்து, கிராணி எழுதும் எண்தான் எண். அது ஒரு கோடு தள்ளிப் போனால் மாதக் கடைசியில் வீட்டில் தெரியும். அரசாங்க மரத்துக்கு அந்தக் கிராணியின் இடத்தில் நிற்பவர் வனத்துறைப் பணியாளர். பால் கொண்டுவந்தவருக்காவது கோபப்பட வாய் இருந்தது. இங்கே மரத்தின் சொந்தக்காரர்கள் நாம் எல்லாரும். நிறுவை நேரத்தில் நம்மில் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

உரிமம் கொடுக்கும்போது பரப்பளவுக்கு ஏற்ப பிரீமியம் வாங்குகிறார்கள். வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் கன மீட்டர் கணக்கில் ராயல்டியும் செஸ்ஸும் உண்டு. காட்டை விட்டு வெளியேறும் முன் சோதனைச் சாவடியில் துண்டை அளந்து, முத்திரை அடித்து, கடத்தல் அனுமதிச் சீட்டு எழுதினால்தான் லோரி நகரலாம். ஐந்து மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் சராசரி விட்டம் உள்ள ஒரு துண்டின் கன அளவு ஏறக்குறைய 1.41 கன மீட்டர். அதே துண்டை 57 சென்டிமீட்டர் என்று எழுதினால் 1.28 ஆகிவிடும். மூன்று விரற்கடையும் இல்லாத வித்தியாசம்தான், ஆனால் விட்டம் இருமடியாகப் பெருகுவதால் பத்தில் ஒரு பங்கு மரம் தாளிலிருந்து காணாமல் போகிறது. பத்துத் துண்டு ஏற்றிய லோரி என்றால் ஒரு முழுத் துண்டு இனாம்.

மரத்தின் பெயரிலும் இதே கதை. இனத்துக்கு இனம் ராயல்டி மாறும். செங்காலை வேறொரு மரமாக எழுதினால் யார் கண்டுபிடிப்பது? பட்டையை அரிவாளால் சீவி, நிறத்தையும் பிசினையும் வாசனையையும் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான். காப்பூர் மரத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும், நம் கற்பூர வாசனை அது. சுமத்ராவின் பாருசில் 1088ஆம் ஆண்டு தமிழ் வணிகக் குழு நாட்டிய கல்வெட்டு, அந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் பொன்னில் கட்ட வேண்டிய கட்டணத்தைச் சொல்கிறது. பாருஸ் கற்பூரத்துக்குப் பெயர்போன ஊர். தமிழ்த்துறையில் அந்தக் கல்வெட்டைப் படித்தபோது, காட்டுப் பொருள் துறைமுகத்துக்கு வருமுன் அதை யார் அளந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சட்டவிரோத மரவெட்டு என்றதும் இருட்டில் வாள் சத்தம், ஓடும் கும்பல் என்று ஒரு சினிமா காட்சி மனதில் வருகிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது பகலில், உரிமத்தோடு நடப்பது. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பத்து மரம். ஒரே அனுமதிச் சீட்டில் இரண்டு நடை. அளவு குறைந்த மரத்துக்கு மற்றொன்றின் எண். இவற்றைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அடிக்கட்டை வரை நடந்து போகிறவர் மட்டும்தான். அவர் நடக்கவில்லை என்றால், அல்லது நடக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டால், தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

2021 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்ற நம் குடும்பங்கள் எத்தனை. உலு லங்காட்டிலும் பெந்தோங், காராக் பக்கத்திலும் தண்ணீரோடு மரங்களும் வந்தன. மரவெட்டுதான் காரணம் என்று ஒரு தரப்பு, நிலச்சரிவில் வேரோடு சாய்ந்த மரங்கள் என்று மறு தரப்பு. இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு நேரான வழி இருக்கிறது: கட்டையைப் பார்ப்பது. வேரோடு வந்ததா, வாள் வைத்த தட்டையான முகமா, சீட்டோ முத்திரையோ இருக்கிறதா? ஆனால் அள்ளிக் குவித்து அப்புறப்படுத்தும் அவசரத்தில் அந்தச் சாட்சியும் சேர்ந்து போய்விடுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. இயற்கைக் காட்டில் தேர்ந்து வெட்டுவதற்குத்தான் மேலே சொன்ன கட்டுப்பாடு எல்லாம். 'காட்டுத் தோட்டம்' என்ற பெயரில் ஒதுக்கிய இடத்தில் மொத்தமாக வெட்டித் தள்ளிவிட்டு, ஒரே இன மரத்தை நடலாம். 2006இல் மத்திய அரசாங்கம் கடன் கொடுத்து ஊக்குவித்த திட்டத்தின் இலக்கு 375,000 ஹெக்டர். அதில் முக்கியமாக நடச் சொன்ன மரங்களில் ஒன்று ரப்பர், பலகைக்காக. வரைபடத்தில் அந்த இடம் நிரந்தர ஒதுக்குக் காடாகவே தொடரும். நம் தாத்தா பாட்டி அறுபது எழுபது வருடம் ரப்பர் மரத்தடியில் நின்றார்கள். அதை யாரும் காடு என்று அவர்களிடம் சொன்னதில்லை. மொத்தமாக வெட்டும் இடத்தில் ரேஞ்சருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. எண்ணிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களையும் மறக்க முடியாது. கிளந்தான் போஸ் சிம்போரில் தெமியார் மக்களின் பூர்வீக நில உரிமைக்காக 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கமே மாநில அரசின் மீது வழக்குப் போட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு, இருபது நாள் நோட்டீசில் வீட்டைக் காலி செய்தவர்களுக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. மரத்துக்கு எண் அடிக்கப் போகிறவர்தான் அந்தக் கிராமத்தின் தடுப்புக் கட்டையை முதலில் சந்திக்கிறவர். முடிவெடுத்தவர் அங்கே வரமாட்டார்.

மாநிலங்கள் மரத்தை நம்பியிருப்பதைக் குறைக்க, காட்டை வைத்திருப்பதற்காகவே பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் 2019 பட்ஜெட்டில் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் அது 250 மில்லியன். வளர்ச்சி நல்லதுதான். ஆனால் இத்தனை மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். மரத்தை விற்காதே என்று மாநிலத்திடம் சொல்கிறவர்கள், விற்காவிட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலாங்கூர் 2010இலேயே ஒதுக்குக் காட்டில் நீண்ட கால மரவெட்டுத் தடை விதிக்க முடிந்தது. காரணம் அதற்குத் தொழிற்சாலையும் வீடமைப்பும் இருந்ததுதான்.

அந்தச் சிலாங்கூரிலும் மரத்தை விட்டுவிட்டு நிலத்தின் மீது கண் வந்தது. 1927இல் ஒதுக்கப்பட்ட கோலலங்காட் வடக்குக் காட்டிலிருந்து 536 ஹெக்டருக்கு மேல் நீக்கப்பட்டதாக 2021 ஆகஸ்டு இறுதியில் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே, செப்டம்பரில் முடிவு ரத்தானது. அங்கே 2011 முதல், காட்டை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்று சட்டம் இருந்ததால் மக்கள் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்ய முடிந்தது. 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, பொது விசாரணையையும் நீக்கிய பரப்புக்கு மாற்று நிலத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஏற்றுக்கொண்டால்தான் அது அந்த மாநிலத்தில் சட்டம்.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பேன். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் வனவியல் படிப்பு இருக்கிறது. ரேஞ்சர், பாரஸ்டர், கார்டு என்ற பதவிப் பெயர்களே பிரிட்டிஷ் இந்தியாவின் வனத்துறையிலிருந்து வந்தவை. 1901இல் மலாயாவின் காட்டிலாகாவுக்குத் தலைமையேற்றவரும் பர்மாவிலிருந்து வந்த அதிகாரிதான். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று மூன்று வாசலில் கூட்டமாக நிற்கும் நம் பெற்றோர் இந்தக் கதவைத் தட்டியே பார்ப்பதில்லை. மழையில் நனைகிற வேலை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தோட்டத்தில் போதுமான அளவு நனைந்துவிட்டோம் என்ற நினைப்பும் நியாயமானதே.

வேலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த சட்டமன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். 2022 திருத்தத்தை நம் மாநிலம் ஏற்றுக்கொண்டதா? கடந்த ஆண்டு கொடுத்த மர உரிமங்களில் எத்தனை டெண்டரில் போயின, எத்தனை நேரடியாகப் போயின? ஒரு ரேஞ்சர் எத்தனை ஹெக்டரைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்குக் காட்டுக்குள் போக வண்டி இருக்கிறதா?